வே புரோட்டீனா, முட்டையா, மீல் மேக்கரா: எடை குறைப்பவருக்கு ஒரு கணக்கு, உடம்பு ஏற்றுபவருக்கு வேறு கணக்கு

ஜிம்மில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே இந்தக் கேள்வி வந்துவிடும்: வே புரோட்டீன் பவுடர் வாங்கலாமா, வேண்டாமா? மாஸ்டர் ஒரு பெரிய டப்பாவைக் காட்டி "இது இல்லாம ஒண்ணும் ஆகாது" என்பார். வீட்டில் "அதெல்லாம் கிட்னியைக் கெடுத்துடும்" என்பார்கள். கூட வேலை பார்ப்பவர் தினமும் பத்து முட்டையின் வெள்ளைக்கருவைச் சாப்பிடச் சொல்வார். மூன்று பேர் பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் முடிவெடுக்கச் சிரமமாக இருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் புஜத்தைப் புடைத்துக்கொண்டு நிற்பவரைப் பார்த்து இந்த டப்பாவை வாங்குவது பெரும்பாலும் எடை ஏற நினைக்கிற ஒல்லிப் பையன்கள். அவர்களுக்கு இது கிட்டத்தட்ட வீண் செலவு. இதனால் நிஜமாகப் பயன்பெறக் கூடியவர், தொப்பையைக் குறைக்கப் பார்க்கும் நாற்பது வயதுக்காரர்; அதிலும் சைவம் சாப்பிடுபவர். அவரோ பவுடர் என்றாலே பயந்து ஒதுங்கிவிடுகிறார்.

எவ்வளவு புரதம் வேண்டும்?

எதை வாங்குவது என்று பார்ப்பதற்கு முன், எவ்வளவு குறைகிறது என்று தெரிய வேண்டும். ஐசிஎம்ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் சொன்ன அளவு, சாதாரணமாக இருக்கும் ஒரு பெரியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம். எழுபது கிலோ ஆளுக்கு 58 கிராம். இது எடை தூக்காதவருக்கான கணக்கு. எடை தூக்கிப் பயிற்சி செய்பவருக்கு இதைவிடக் கூடுதலாக வேண்டும். 2018இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, 49 ஆய்வுகளை, அதாவது 1,863 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் போனால் தசை வளர்ச்சியில் சொல்லும்படியான கூடுதல் பலன் இல்லை என்பது அதன் முடிவு.

அதே தொகுப்பாய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. விளம்பரக்காரர்கள் அதைச் சொல்வதில்லை. புரதத்தைக் கூட்டியவர்களுக்கும் கூட்டாதவர்களுக்கும் இடையே, கொழுப்பு நீங்கலான உடல் எடையில் கிடைத்த கூடுதல் வித்தியாசம் சராசரியாக 0.3 கிலோ. அவ்வளவுதான். தசையை வளர்ப்பதில் பெரும்பங்கு எடை தூக்குவதற்கே. புரதம் அதற்குத் துணை. டப்பா மேல் டப்பாவாக வாங்கிவிட்டு வாரத்தில் இரண்டு நாள் ஜிம்முக்குப் போகிறவருக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அதிக எடை உள்ளவர்கள் இப்போதைய எடையை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். நூறு கிலோ இருப்பவர் 160 கிராம் புரதத்துக்குத் திண்டாட வேண்டியதில்லை. எந்த எடைக்கு வர நினைக்கிறாரோ, அந்த எடையை வைத்துப் பெருக்கினால் போதும்.

நம் சாப்பாட்டில் எவ்வளவு வருகிறது? ஒரு சைவ வீட்டின் நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் நான்கு இட்லி, சாம்பார், சட்னி: சுமார் 10, 11 கிராம். மதியம் சோறு, சாம்பார், கூட்டு, ஒரு கிண்ணம் தயிர்: 17, 18. இரண்டு காபியில் சேரும் பால்: 5. ராத்திரி மூன்று சப்பாத்தி, குருமா: 13, 14. எல்லாம் சேர்த்து 45 முதல் 50 கிராம். எழுபது கிலோ ஆளுக்கு 0.83 கணக்கில் கொஞ்சம் பற்றாக்குறை. 1.6 கணக்கில் பாதிகூடத் தேறாது. அசைவக்காரர்கள் "நாங்க கறி சாப்பிடுறவங்க" என்று நிம்மதியாக இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறி எடுக்கும் வீட்டில் மற்ற ஆறு நாளும் இதே கதைதான்.

டப்பாவுக்குள் இருப்பது என்ன

பாலில் எலுமிச்சை பிழிந்து பனீர் எடுக்கும்போது மிஞ்சுமே ஒரு பச்சை மஞ்சள் தண்ணீர், வே என்பது அந்த வகைதான். பால் புரதத்தில் சுமார் 80 சதவீதம் கேசீன், அது கட்டியாகத் திரண்டுவிடும். மிச்சம் 20 சதவீதம் வே புரதம், அது தண்ணீரோடு போகும். சீஸ் ஆலைகளில் டன் கணக்கில் ஒதுங்கும் இந்தத் தண்ணீரை நுண்ணிய சவ்வுகள் வழியாக வடிகட்டி, உலர்த்திப் பொடியாக்குகிறார்கள். ஸ்டீராய்டுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சில ஜிம்களில் இரண்டையும் ஒரே ஆள் விற்பதால் வந்த குழப்பம் அது.

அப்படியானால் வீட்டில் பனீர் எடுத்த தண்ணீரைக் குடித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. குடிக்கலாம், நல்லதுதான். ஆனால் அதில் 100 மில்லிக்கு ஒரு கிராம் புரதம்கூட இருக்காது. ஒரு ஸ்கூப்பில், அதாவது டப்பாவோடு வரும் அளவுக் கரண்டியில், வருவதை எடுக்க மூன்று லிட்டரைத் தாண்டிக் குடிக்க வேண்டியிருக்கும்.

25 கிராம் புரதத்துக்கு எவ்வளவு கலோரி, எவ்வளவு காசு

முடிவை நிர்ணயிக்கிற பகுதி இதுதான். எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால்தான் ஒப்பிட முடியும். அதனால் 25 கிராம் புரதம் கிடைக்க எதை எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். காசு என்பது சுமாரான கடை விலை. ஊருக்கு ஊர் மாறும், நாமக்கல் முட்டை விலையோ தினமும் மாறும். எண்ணெய், மசாலா சேர்க்காத கணக்கு.

வே கான்சென்ட்ரேட் (சாதாரண வகை வே பவுடர்), ஒரு ஸ்கூப்: 130 கலோரி, 75 முதல் 100 ரூபாய்.
மீல் மேக்கர், காய்ந்தது 50 கிராம்: 170 கலோரி, 10 ரூபாய்க்குள்.
தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி, பச்சையாக 110 கிராம்: 130 கலோரி, 40 ரூபாய் பக்கம்.
முழு முட்டை நான்கு: 285 கலோரி, 25 முதல் 30 ரூபாய்.
வெள்ளைக்கரு மட்டும் ஏழு: 120 கலோரி, மஞ்சளைத் தூக்கிப் போட்டால் 45 ரூபாயைத் தாண்டும்.
பனீர் 135 கிராம்: 350 முதல் 400 கலோரி, 60 ரூபாய் பக்கம்.
டோன்ட் பால் 800 மில்லி: 460 கலோரி, 35 முதல் 45 ரூபாய்.
கொண்டைக்கடலை, ஊறவைக்காதது 125 கிராம்: 450 கலோரி, 15 ரூபாய்க்குள்.
நிலக்கடலை 100 கிராம்: 560 கலோரி, 20 ரூபாய்க்குள்.

இந்தப் பட்டியலில் எல்லாரும் முதலில் பார்ப்பது ரூபாயை. அதை வைத்துப் பார்த்தால் வே தோற்றுவிடும், பேச்சே இல்லை. மீல் மேக்கரைவிட எட்டு, பத்து மடங்கு விலை. ஆனால் கலோரியைப் பாருங்கள். 130க்குப் பக்கத்தில் வருவது கோழி நெஞ்சுக்கறியும் வெள்ளைக்கருவும் மட்டுமே. சைவத்தில் மீல் மேக்கரைத் தவிர வேறெதுவும் கிட்டே வரவில்லை. "புரதத்துக்குப் பருப்பு சாப்பிடுங்க, கடலை சாப்பிடுங்க" என்ற அறிவுரை, எடை குறைப்பவரிடம் வந்ததும் இந்த இடத்தில்தான் இடறுகிறது. கொண்டைக்கடலையில் புரதம் இருக்கிறது. கூடவே அதைவிட மூன்று பங்கு மாவுச்சத்தும் இருக்கிறது. நிலக்கடலையில் பாதி எடை கொழுப்பு. நல்ல சாப்பாடுதான். ஆனால் கலோரியை எண்ணிச் சாப்பிடுகிறவர் புரதத்துக்காக அதை நம்பினால், எடை இறங்காமல் அங்கேயே நிற்கும்.

எடை குறைப்பவருக்கு

82 கிலோ இருக்கிறார், 70க்கு வர வேண்டும், சைவம், நாள் முழுக்க உட்கார்ந்த வேலை என்று ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1,700 கலோரிக்குள் முடித்துக்கொள்ளப் பார்க்கிறார். புரதம் 100 முதல் 110 கிராம் இலக்கு. இப்போது வருவது 48. சோறு, சப்பாத்தியைக் குறைக்கும்போது அதுவும் இன்னும் கொஞ்சம் இறங்கும். குறைந்தது 50 கிராமை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும்.

பாலும் கொண்டைக்கடலையுமாக அந்த 50ஐ நிரப்பினால் 900 கலோரிக்கு மேல் போகும். நாள் கணக்கில் பாதி அதிலேயே முடிந்துவிடும். ஒரு ஸ்கூப் வேயும் 50 கிராம் மீல் மேக்கரும் என்றால் 300 கலோரியில் முடிகிறது. இந்த 600 கலோரி வித்தியாசத்தில் அவர் மதியம் வயிறாரச் சோறு சாப்பிடலாம். பவுடருக்குக் கொடுக்கும் காசு இந்த இடத்தில்தான் வேலை செய்கிறது.

எடை குறைக்கும்போது புரதத்தைக் கூட்டச் சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. சும்மா பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், அதிக எடை கொண்ட இளைஞர்களுக்கு நான்கு வாரம் கலோரியை 40 சதவீதம் வெட்டி, வாரத்தில் ஆறு நாள் கடுமையான பயிற்சி கொடுத்தார்கள். கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் எடுத்தவர்களுக்குச் சராசரியாக 4.8 கிலோ கொழுப்பு குறைந்தது, 1.2 கிலோ தசைப்பகுதி ஏறியது. 1.2 கிராம் எடுத்தவர்களுக்கு 3.5 கிலோ கொழுப்பு குறைந்தது. தசை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்று சொல்லலாம். அதிகப் புரதம் எடுத்த கூட்டத்துக்கு அதில் ஒரு பகுதி வே கலந்த பானமாகவே போனது. நான்கு வார ஆய்வு, இளைஞர்கள், ஆறு நாள் பயிற்சி. இதை அப்படியே நாற்பது வயதுக்காரருக்குப் பொருத்த முடியாது. போகும் திசையைப் பார்த்துக்கொள்ளலாம்.

வேயின் பலவீனம் ஒன்றும் உண்டு: பசி. மடமடவென்று குடித்துவிடலாம், ஒரு மணி நேரத்தில் வயிறு மறுபடி கூப்பிடும். மென்று சாப்பிடும் புரதம் இதைவிட அதிக நேரம் தாங்கும். அதனால் அசைவம் சாப்பிட்டு எடை குறைப்பவருக்கு நான் முதலில் சொல்வது கோழி நெஞ்சுக்கறி, முட்டை, மீன்தான். எண்ணெயில் பொரிக்காமல் குழம்பிலோ தவாவிலோ செய்தால் கணக்கு கெடாது. மத்தி மீன் விலையும் மலிவு, ஒமேகா 3 கொழுப்பும் கிடைக்கும். அவருக்குப் பவுடர் ஒரு வசதி மட்டுமே: காலையில் சமைக்க நேரமில்லை, அலுவலகத்தில் முட்டை கிடைக்காது என்கிற நாளுக்கு.

வெள்ளைக்கரு விஷயத்தில் ஒரு வார்த்தை. கலோரியை மிகவும் இறுக்கிப் பிடிக்காதவர்கள் மஞ்சளைத் தூக்கிப் போட வேண்டாம். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் 2017 ஆய்வில், ஒரே அளவு புரதத்தை முழு முட்டையாகவும் வெள்ளைக்கருவாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சிக்குப் பின் தசையில் புரதம் உருவாகும் வேகம் முழு முட்டைக்கே கூடுதலாக இருந்தது. இரண்டு முழு முட்டையும் மூன்று வெள்ளைக்கருவும் என்பது நல்ல சமரசம். கொலஸ்ட்ரால் அதிகம், இதய நோய் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

உடம்பு ஏற்றுபவருக்கு

55 கிலோ, கல்லூரி விடுதி, மெஸ் சாப்பாடு. இந்தத் தம்பிக்கு வேண்டியது சுமார் 88 கிராம் புரதம். மெஸ்ஸில் 55 தேறும் என்று வைத்தால், பற்றாக்குறை முப்பத்துச் சொச்சம். ஆனால் அவருக்குப் புரதத்தைவிடப் பெரிய பற்றாக்குறை கலோரி. எடை ஏற வேண்டுமென்றால் செலவாவதைவிட 300, 400 கலோரி கூடுதலாக உள்ளே போக வேண்டும். அதனால் எடை குறைப்பவருக்கு இடைஞ்சலாக இருந்த அதே பால், கடலை, மஞ்சள் கருவெல்லாம் இவருக்கு வரவு.

நான்கு முட்டையும் அரை லிட்டர் பாலும்: 40 கிராம் புரதம், 570 கலோரி, ஐம்பது ரூபாய் பக்கம். பற்றாக்குறை முழுவதும் தீர்ந்துவிட்டது. சாயங்காலம் ஒரு கை வேர்க்கடலையும் இரண்டு வாழைப்பழமும் சேர்த்தால் இன்னும் நல்லது. இதற்குப் பதிலாக ஒரு ஸ்கூப் வே என்றால் 25 கிராம் புரதம், 130 கலோரி, எண்பது, தொண்ணூறு ரூபாய். புரதம் குறைவு, கலோரி குறைவு, காசு அதிகம். விடுதியில் முட்டை வேகவைக்க வழியில்லை, பாலும் ஒத்துக்கொள்ளாது என்றால் ஒழிய, இவர் டப்பா வாங்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

எடை ஏற்றும் பவுடர் என்று விற்கும் மாஸ் கெயினர் இதைவிட மோசம். டப்பா பெரிதாக இருக்கும், எடை மூன்று கிலோ என்று போட்டிருக்கும், விலையும் கிலோ கணக்கில் மலிவாகத் தெரியும். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பல பிராண்டுகளில் 100 கிராமுக்குப் புரதம் 15, 20 கிராம்தான்; மிச்சத்தில் பெரும்பகுதி மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்கிற மாவுச்சத்தும் சர்க்கரையும். பொட்டுக்கடலை மாவிலேயே 100 கிராமுக்கு 20 கிராம் புரதம் இருக்கிறது. பாலில் வாழைப்பழமும் பொட்டுக்கடலை மாவும் கொஞ்சம் வேர்க்கடலையும் போட்டு மிக்ஸியில் அடித்தால் அதுவே கெயினர், அதில் நார்ச்சத்தும் கூட உண்டு.

சத்துமாவைப் பலரும் புரத மாவு என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அதில் தானியம்தான் அதிகம். எடை ஏற உதவும். புரதத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

மீல் மேக்கர் மேல் உள்ள சந்தேகம்

விலையிலும் கலோரியிலும் இவ்வளவு நன்றாக இருக்கும் பொருளை ஏன் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை? இரண்டு காரணம். ஒன்று, சோயா சாப்பிட்டால் ஆண்மை குறையும், மார்பு வளரும் என்ற பேச்சு. சோயாவில் ஈஸ்ட்ரோஜனை ஒத்த தாவரச் சத்து இருப்பது உண்மை. ஆனால் ஆண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2010இலும், பிறகு 2021இலும், டெஸ்டோஸ்டிரோனில் மாற்றம் எதுவும் இல்லை என்றே சொன்னார்கள். ஒரு நாளைக்கு 50 கிராமுக்குப் பயப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று, "சோயாவில் தசை வளராது, வேதான் ராஜா" என்ற பேச்சு. இதில் பாதி உண்மை. தசை உருவாவதைத் தூண்டும் லூசின் என்ற அமினோ அமிலம் வேயில் அதிகம், அது சீக்கிரம் செரிக்கவும் செய்யும். பயிற்சி முடிந்த சில மணி நேரத்தை மட்டும் அளந்தால் வே முந்துகிறது. ஆனால் வாரக்கணக்கில் பயிற்சி கொடுத்து, கடைசியில் தசையையும் வலுவையும் அளந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், சோயாவுக்கும் வேக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மொத்தப் புரதம் போதுமான அளவு போனால் எந்த வழியில் போனது என்பது பின்னுக்குப் போய்விடுகிறது.

நிஜமான பிரச்சினைகள் வேறு. வாயு சிலருக்கு. அப்புறம் அந்த வாடை. உப்புப் போட்ட கொதிநீரில் ஊறவைத்து, பிழிந்து, புதுத் தண்ணீரில் இன்னொரு தடவை அலசிப் பிழிந்தால் வாடை பெரும்பாலும் போய்விடும். அதன் பிறகு மிளகு சுக்காவோ கொத்துக்கறி மாதிரியோ செய்யலாம். தினமும் அதே முகத்தைப் பார்த்தால் சலித்துவிடும், அதனால் வாரத்தில் நாலு நாள் போதும் என்பேன். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் சோயாவையும் மாத்திரையையும் பல மணி நேரம் தள்ளிவைக்க வேண்டும், மாத்திரை உடம்பில் சேர்வதை அது தடுக்கும்.

பட்டாணிப் புரதம் போன்ற தாவரப் பவுடர்கள் வேயின் விலைக்கே விற்கின்றன. பாலே ஆகாதவர், பால் பொருளே தொடாதவர் தவிர மற்றவர்கள் அதற்குப் போக வேண்டியதில்லை.

கிட்னி பயம்

2024 மே மாதம் ஐசிஎம்ஆரும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்களை வெளியிட்டபோது, உடம்பைப் பெருக்கப் புரதப் பவுடர் எடுப்பதைத் தவிர்க்கச் சொன்னார்கள். நீண்ட நாள் அதிகமாக எடுத்தால் எலும்பின் தாது குறையலாம், சிறுநீரகம் பாதிக்கப்படலாம் என்று எச்சரித்தார்கள். செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது, வீட்டில் டப்பா வைத்திருந்தவர்கள் எல்லாரும் திட்டு வாங்கியிருப்பார்கள்.

நலமான சிறுநீரகம் உள்ளவர்களிடம் அதிகப் புரதம் அதைக் கெடுத்ததாக ஆய்வுகளில் தெளிவாகத் தெரியவில்லை. 2018இல் வந்த ஒரு தொகுப்பாய்வும் அப்படித்தான் சொல்கிறது. அதற்காக அந்த எச்சரிக்கையைத் தூக்கிப் போடவும் எனக்கு மனம் வரவில்லை. "நலமான சிறுநீரகம் உள்ளவர்" என்ற நிபந்தனை நம் ஊரில் சின்ன விஷயமில்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பதே தெரியாமல் நடமாடுகிறவர்கள் எத்தனை பேர்! சிறுநீரகம் கெடத் தொடங்கியிருந்தால் ஆரம்பத்தில் ஒரு வலியும் காட்டாது. அப்படிப்பட்டவர் புரதத்தை இரட்டிப்பாக்கினால், அது வேயானாலும் கோழியானாலும், ஆபத்துதான். முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள், குடும்பத்தில் சர்க்கரை உள்ளவர்கள், டப்பாவுக்கு முன்னால் ரத்தத்தில் கிரியாட்டினின், சர்க்கரை, சிறுநீரில் ஆல்புமின் மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஒரு டப்பா விலையைவிடக் குறைவாகவே செலவாகும். சோதனையில் அளவு கூடுதலாக இருந்தால் மருத்துவரிடம் கேட்காமல் எந்தப் பவுடரும் வேண்டாம்.

முகப்பரு அதிகமானதாக வே குடிக்கிற சிலர் சொல்வதுண்டு, தோல் மருத்துவர்களும் அதைக் கவனித்திருக்கிறார்கள். உங்களுக்கு அப்படி ஆனால் நிறுத்திப் பாருங்கள்.

வாங்குவதென்றால்

டப்பாவில் எழுதியிருப்பது உள்ளே இருக்கிறதா? எனக்கு இதுதான் கிட்னியைவிடப் பெரிய கவலை. கேரளத்தின் ராஜகிரி மருத்துவமனையைச் சேர்ந்த சிரியக் ஆபி பிலிப்ஸ் என்ற கல்லீரல் மருத்துவரும் குழுவினரும், இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சொந்தச் செலவில் சோதனைக்கு அனுப்பி, 2024இல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 70 சதவீதப் பொடிகளில் சொன்ன புரத அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் பாதிதான் இருந்தது. 14 சதவீதத்தில் அஃப்லடாக்சின் என்கிற பூஞ்சை நச்சு, 8 சதவீதத்தில் பூச்சிமருந்து எச்சம். எல்லாமே சுத்தமான வே இல்லை, மூலிகை கலந்தவையும் அதில் உண்டு. அஸ்வகந்தா, அது இது என்று பத்து மூலிகை பெயர் போட்ட புரதப் பொடியை நான் தொடவே மாட்டேன்.

ஏமாற்றும் முறை எளிது. ஆய்வகத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, அதை ஓர் எண்ணால் பெருக்கிப் புரதம் என்கிறார்கள். கிளைசின், டாரின் போன்ற மலிவான பொருட்களைக் கலந்தால் நைட்ரஜன் ஏறும், சோதனையில் புரதம் கூடுதலாகத் தெரியும், தசைக்கு அதனால் பெரிய பிரயோஜனம் இருக்காது. சேர்மானப் பட்டியலில் இந்தப் பெயர்கள் தனியாக இருந்தால் அந்த டப்பாவைத் திருப்பி வையுங்கள். அமினோ அமிலப் பட்டியல் கொடுத்திருந்தால் 25 கிராம் புரதத்துக்கு லூசின் இரண்டரை கிராம் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து ஒரு வகுத்தல். ஒரு ஸ்கூப்பில் உள்ள புரதத்தை ஸ்கூப்பின் எடையால் வகுங்கள். 30 கிராம் ஸ்கூப்பில் 24 கிராம் புரதம் என்றால் 80 சதவீதம், நல்ல கான்சென்ட்ரேட். 36 கிராமில் 24 என்றால் 67 சதவீதம்தான். மிச்சம் கோகோ, சர்க்கரை, கெட்டியாக்கும் பொருட்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க எண் இருக்க வேண்டும், வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதி செய்தவர் பெயர் ஒட்டியிருக்க வேண்டும். சுரண்டிப் பார்க்கும் குறியீடு இருந்தால், அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுச் சரிபார்த்துவிட்டுத்தான் சீலை உடைக்க வேண்டும். ஜிம்மில் பிளாஸ்டிக் கவரில் கட்டி "ஒரிஜினல், பாதி விலை" என்று தருவதை ஓசியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கான்சென்ட்ரேட்டா, ஐசொலேட்டா? இன்னும் வடிகட்டிய வகையான ஐசொலேட்டில் 90 சதவீதம் புரதம், லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை கிட்டத்தட்ட இல்லை. விலை ஒன்றரை மடங்கு வரை போகும். ஒரு ஸ்கூப்பில் மிச்சமாவது பத்து, பதினைந்து கலோரி. அந்தப் பத்துக் கலோரிக்காக வாங்குவதில் அர்த்தமில்லை. பால் குடித்தால் வயிறு உப்புகிறது, போக்கு ஆகிறது என்பவர்களுக்கு ஐசொலேட் சரி. தென்னிந்தியர்களில் லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்கள் வடக்கைவிட அதிகம். தயிரும் மோரும் தொல்லை தராமல் பால் மட்டும் தொல்லை தந்தால் உங்களுக்கும் அதுதான் என்று ஊகிக்கலாம். பால் புரதமே ஒவ்வாமை என்றால் இரண்டுமே கூடாது. ஹைட்ரோலைசேட் என்று இன்னும் விலை கூடியது ஒன்று உண்டு. கசக்கும். விட்டுவிடுங்கள்.

டப்பா வாங்கத் தயக்கமாக இருப்பவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. அமுல் விற்கும் ஹை புரோட்டீன் மோரில் 200 மில்லி பாக்கெட்டுக்கு 15 கிராம் புரதம் இருக்கிறது, அதுவும் வே சேர்த்ததுதான். வெயில் காலத்தில் சாயங்காலம் நாலு மணிக்கு வடைக்குப் பதில் இதைக் குடிக்கலாம். எல்லாக் கடையிலும் கிடைக்காது என்பதுதான் குறை.

எப்போது குடிப்பது என்று மாஸ்டர்கள் கடிகாரத்தைக் காட்டிப் பயமுறுத்துவார்கள், பயிற்சி முடிந்த அரை மணிக்குள் போகவில்லை என்றால் எல்லாம் போச்சு என்று. அப்படி ஒன்றுமில்லை, நாள் முழுக்கச் சேரும் மொத்த அளவுதான் முக்கியம். நான் சொல்வது காலைச் சாப்பாட்டோடு. நம் இட்லி, தோசை, பொங்கலில்தான் புரதம் மிகக் குறைவு, ஓட்டை இருக்கும் இடத்தில் அடைப்பதுதான் சரி. இரண்டு இட்லியைக் குறைத்து ஒரு ஸ்கூப்பைச் சேர்த்தால் கலோரி ஏறாமல் புரதம் இருபது கிராமுக்கு மேல் கூடிவிடும். ஒரு நாளைக்கு ஒன்று போதும். இரண்டாவது ஸ்கூப்பைப் பற்றி யோசிக்கும் நாள் வந்தால் அந்தக் காசுக்கு முட்டையோ மீல் மேக்கரோ வாங்கலாம்.

முதல் முறை ஒரு கிலோவுக்கு மேல் வாங்க வேண்டாம். ருசி பிடிக்காமல் போகலாம், வயிறு ஏற்காமல் போகலாம், தள்ளுபடியில் வாங்கிய நான்கு கிலோ டப்பா சமையலறை மேல்தட்டில் கட்டி தட்டிப் போய்க் கிடக்கும். குளிர்ந்த தண்ணீரிலோ மோரிலோ கலக்குங்கள். சூடான பாலில் போட்டால் திரிதிரியாகிவிடும். சத்து போய்விடாது, ஆனால் குடிக்கத்தான் முடியாது.